ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்போது வினைச்சொல் எந்த வடிவில் வர வேண்டும்?

“டிட் யூ வென்ட்?”, “டஸ் ஷி நோஸ்?”, “ஒய் யூ ஆர் லேட்?” போன்ற பிழையான கேள்விகள், ஆங்கிலத்தை நன்றாகவே படிக்கவும் எழுதவும் தெரிந்த தமிழர்களின் பேச்சில்கூட அடிக்கடி வந்துவிடுகின்றன. சாதாரண வாக்கியத்தில் “ஐ வென்ட்”, “ஷி நோஸ்”, “யூ ஆர் லேட்” என்று தவறின்றிச் சொல்பவர்கள் கேள்விக்கு வரும்போது மட்டும் தடுமாறுவதற்குக் கவனக்குறைவு காரணமன்று. தமிழில் வினைமுற்று கேள்விக்காகத் தன் வடிவை மாற்றிக்கொள்வதில்லை. “போனாய்” என்பதன் ஈற்றில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் “போனாயா?” என்று கேள்வி அமைந்துவிடுகிறது, காலமும் இடமும் எண்ணும் வினைக்குள் இருந்தபடியே இருக்கின்றன. ஆங்கிலமோ கேள்வி கேட்பதற்காக வினையையே இரண்டாகப் பிரிக்கிறது. காலத்தைச் சுமக்கும் பகுதி எழுவாய்க்கு முன்னால் போய்விடுகிறது. பொருளைச் சுமக்கும் பகுதி எழுவாய்க்குப் பின்னால் நின்றுவிடுகிறது. இந்தப் பிரிவினை மனத்தில் பதியாதவரை எத்தனை விதிகளை மனப்பாடம் செய்தாலும் பேசும் வேகத்தில் அவை கைகொடுப்பதில்லை.

ஆகவே முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு செய்தி. ஆங்கிலக் கேள்வியில் காலத்தையும், எழுவாய்க்கேற்ற மாற்றத்தையும் முதலில் வரும் துணைவினை மட்டுமே காட்டும். அதற்குப் பின்னால் வரும் வினை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை அந்தத் துணைவினையே முடிவு செய்யும். “யூ வென்ட்” என்ற வாக்கியத்தில் வென்ட் என்பது உண்மையில் டிட், கோ என்ற இரண்டும் ஒன்றாகக் கலந்த வடிவம். யாராவது நாம் போகவில்லை என்று சாதித்தால், நாம் அழுத்தமாக “ஐ டிட் கோ” என்று மறுக்கிறோம் அல்லவா? அப்போது உள்ளே மறைந்திருந்த டிட் வெளியே தெரிகிறது. கேள்வி கேட்கும்போதும் அதே டிட் வெளியே வந்து எழுவாயைத் தாண்டி முன்னால் நிற்கிறது: “டிட் யூ கோ?” இறந்தகாலம் முழுவதையும் டிட் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் பின்னால் வெறும் கோ மட்டுமே எஞ்சுகிறது. “டிட் யூ வென்ட்?” என்று சொல்லும்போது இறந்தகாலத்தை இரண்டு இடங்களில் சொல்லிவிடுகிறோம், அதுதான் பிழை.

“டஸ் ஷி நோஸ்?” என்பதிலும் நடப்பது இதுவே. “ஷி நோஸ்” என்பதன் கடைசியில் ஒலிக்கும் ஸ் என்ற ஓசை, எழுவாய் படர்க்கை ஒருமை என்பதற்கான அடையாளம். கேள்வியில் அந்த ஓசை டூ என்பதோடு சேர்ந்து டஸ் ஆகிவிடுகிறது. எனவே பின்னால் நோ என்று வெறும் வடிவம் இருந்தால் போதும்: “டஸ் ஷி நோ?” டஸ் என்று தொடங்கிவிட்டால் அடுத்து வரும் வினையின் கடைசியில் ஸ் ஒலிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், ஒலித்தால் அது இரண்டாம் முறை வந்தது என்று பொருள்.

இந்த டூ, டஸ், டிட் என்பவை ஆங்கிலக் கேள்விகளில் தொடக்கத்திலிருந்தே கட்டாயமாக இருந்தவை அல்ல. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில் “லவெஸ்ட் தவ் மீ?” என்று, வினைச்சொல்லே நேராக எழுவாய்க்கு முன்னால் வரும் கேள்வியைக் காணலாம், இன்று அதையே “டூ யூ லவ் மீ?” என்று கேட்க வேண்டும். காலப்போக்கில் பெரும்பாலான வினைகள் முன்னால் நகரும் வழக்கத்தை இழந்துவிட, அவற்றுக்காக முன்னால் சென்று நிற்கும் வேலையை டூ ஏற்றுக்கொண்டது. இஸ், ஆர், கேன், வில் போன்ற சில மட்டும் பழைய வழக்கத்தை விடாமல் இன்றும் தாமே முன்னால் நகர்கின்றன. அதனால்தான் அவை வரும் கேள்விகளில் டூவுக்கு இடமில்லை.

கேள்வியை அமைக்கும் முறை

கேள்வியை நேரடியாகக் கட்ட முயல வேண்டாம். அதற்குரிய சாதாரண வாக்கியத்தை முதலில் மனத்தில் சொல்லிக்கொண்டு, அதில் ஏற்கெனவே துணைவினை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மட்டும் எழுவாய்க்கு முன்னால் கொண்டுவாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். இல்லாவிட்டால், வினையின் காலத்தைப் பார்த்து டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றை முன்னால் வைத்து, வினையை அதன் முதல் வடிவத்துக்குக் கொண்டுபோங்கள். முதல் வடிவம் என்று இங்கே குறிப்பது கோ, வென்ட், கான் என்ற வரிசையில் முதலில் நிற்பதை.

“ஷி இஸ் ரைட்டிங் எ லெட்டர்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் இஸ் இருக்கிறது. அதை முன்னால் நகர்த்தினால் “இஸ் ஷி ரைட்டிங் எ லெட்டர்?” என்று கேள்வி முடிந்துவிடுகிறது, ரைட்டிங் என்பது ரைட்டிங்காகவே இருக்கும். “ஷி ஹேஸ் ரிட்டன் எ லெட்டர்” என்பதில் ஹேஸ் நகர்கிறது: “ஹேஸ் ஷி ரிட்டன் எ லெட்டர்?” ரிட்டன் அசைவதில்லை. “ஷி ரோட் எ லெட்டர்” என்பதில் துணைவினை எதுவும் இல்லை. ரோட் என்பது இறந்தகாலம், எனவே டிட்டை முன்னால் வைத்து, ரோட்டை அதன் முதல் வடிவமான ரைட்டுக்கு மாற்றுகிறோம்: “டிட் ஷி ரைட் எ லெட்டர்?” இந்த மூன்று வாக்கியங்களையும் வாய்விட்டு மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டிலும் வினை வடிவம் மாறவில்லை, மூன்றாவதில் மட்டும் மாறுகிறது என்ற வேறுபாடு காதுக்கே பழகிவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட துணைவினைகள் இருந்தால் முதலாவது மட்டுமே நகரும். “த வொர்க் ஹேஸ் பீன் ஃபினிஷ்ட்” என்பது “ஹேஸ் த வொர்க் பீன் ஃபினிஷ்ட்?” என்றாகும், ஹேஸ், பீன் இரண்டையும் சேர்த்து முன்னால் இழுத்துவந்து “ஹேஸ் பீன் த வொர்க் ஃபினிஷ்ட்?” என்று கேட்பது தவறு.

எந்தத் துணைவினைக்குப் பின் எந்த வடிவம்?

டூ, டஸ், டிட் மூன்றுக்கும் பின்னால் முதல் வடிவம் என்பதைப் பார்த்தோம். கேன், குட், வில், வுட், ஷால், ஷுட், மே, மஸ்ட் ஆகியவற்றுக்குப் பின்னாலும் முதல் வடிவமே. எழுவாய் ஹி, ஷி என்று இருந்தாலும் “கேன் ஹி கம்?” என்றுதான் கேட்க வேண்டும், “கேன் ஹி கம்ஸ்?” என்பது கூடாது. குட், வுட் ஆகியவை தோற்றத்தில் இறந்தகாலம் போல இருப்பதால் பின்னால் வரும் வினையையும் இறந்தகாலத்தில் போட்டுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. “குட் யூ கிவ் மீ த ஃபைல்?” என்பது பணிவான வேண்டுகோளே தவிர, நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வி அல்ல, அப்படியே இறந்தகாலப் பொருளில் வந்தாலும் “குட் யூ ஹியர் மீ யெஸ்டர்டே?” என்று முதல் வடிவமே வரும்.

ஹேவ், ஹேஸ், ஹேட் ஆகியவற்றுக்குப் பின்னால் மூன்றாம் வடிவம் வர வேண்டும். இங்கேதான் பயிற்சி தேவைப்படுகிறது. ஃபினிஷ், வாட்ச், கால் போன்ற வினைகளுக்கு இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே என்பதால் பிழை நேர வாய்ப்பில்லை. ஆனால் கோ, சீ, டூ, ஈட், டேக், ரைட், ஸ்பீக், பிரேக், சூஸ், கிவ், பிகின், டிரிங்க் போன்றவற்றில் இரண்டும் வேறு வேறு. “ஹேவ் யூ சா த ரிப்போர்ட்?”, “ஹேஸ் ஷி வென்ட்?”, “ஹேவ் தே ஏட்?” என்பவை எல்லாம் இரண்டாம் வடிவத்தை மூன்றாம் வடிவத்தின் இடத்தில் வைத்ததால் வந்த பிழைகள். சீன், கான், ஈட்டன் என்று திருத்திக்கொள்ள வேண்டும். கம், ரன் ஆகிய இரண்டும் மூன்றாம் வடிவத்தில் மறுபடி முதல் வடிவத்துக்கே திரும்பிவிடுகின்றன. ஆகையால் “ஹேஸ் ஷி கேம்?” என்பது தவறு, “ஹேஸ் ஷி கம்?” என்பதே சரி. இந்தப் பட்டியலில் உள்ள வினைகளின் மூன்று வடிவங்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டாலே அன்றாடப் பேச்சில் நேரும் இவ்வகைப் பிழைகளில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

ஆம், இஸ், ஆர், வாஸ், வெர் ஆகியவற்றுக்குப் பின்னால் எழுவாயே அந்தச் செயலைச் செய்கிறது என்றால் இங் என்று முடியும் வடிவமும், எழுவாய்க்கு அந்தச் செயல் செய்யப்படுகிறது என்றால் மூன்றாம் வடிவமும் வரும். “ஆர் யூ கோ?” என்பது தவறு, “ஆர் யூ கோயிங்?” என்பதே முழுமையானது. “டிட் த மீட்டிங் கேன்சல்ட்?” என்ற கேள்வியை அலுவலக மின்னஞ்சல்களில் நிறையப் பார்க்கலாம். கூட்டம் தானாகத் தன்னை ரத்து செய்துகொள்வதில்லை. யாரோ ரத்து செய்கிறார்கள். எனவே “வாஸ் த மீட்டிங் கேன்சல்ட்?” என்று கேட்க வேண்டும். தமிழில் “ரத்து ஆனதா?” என்று நினைத்துவிட்டு அதற்கு டிட் போட்டுவிடுவதுதான் இந்தப் பிழையின் வேர். “செய்யப்பட்டதா?” என்று தமிழில் மாற்றிச் சொல்லிப் பார்த்து, அது பொருந்தினால் வாஸ் அல்லது வெர் தேவை என்று அறிந்துகொள்ளலாம்.

இருத்தல் வினையும் ஹேவும் படுத்தும் பாடு

“நீ தயாரா?” என்ற தமிழ்க் கேள்வியில் வினையே இல்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஆர் என்ற வினை இருந்தே ஆக வேண்டும்: “ஆர் யூ ரெடி?” தாய்மொழியில் இல்லாத ஒன்று இங்கே கட்டாயமாவதால் இரு திசைகளிலும் பிழை நேர்கிறது. சிலர் “டூ யூ ரெடி?”, “டிட் யூ பிஸி யெஸ்டர்டே?” என்று டூவைக் கொண்டுவருகிறார்கள். ரெடி, பிஸி ஆகியவை வினைகள் அல்ல. அவற்றுக்கு முன் டூ வேலை செய்யாது. “வெர் யூ பிஸி யெஸ்டர்டே?” என்றே கேட்க வேண்டும். வேறு சிலர் உண்மையான வினைக்கு முன்னால் ஆரைப் போட்டுவிடுகிறார்கள். “ஆர் யூ அக்ரீ?”, “ஆர் யூ அண்டர்ஸ்டாண்ட்?” என்பவை அப்படிப்பட்டவை. அக்ரீ என்பது ஒப்புக்கொள்ளும் செயலைக் குறிக்கும் வினை, எனவே “டூ யூ அக்ரீ?” என்பதே சரி.

ஐயம் வந்தால் உடனே தீர்த்துக்கொள்ள ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கேட்ட கேள்விக்கு நீங்களே முழுப் பதில் சொல்லிப் பாருங்கள். “ஆர் யூ அக்ரீ?” என்பதற்கு விடை “ஐ ஆம் அக்ரீ” என்று வரும், அப்படி ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை என்பது சொன்னவுடனே காதில் உறுத்தும். “டூ யூ அக்ரீ?” என்பதற்கு “ஐ அக்ரீ” என்று இயல்பான பதில் கிடைக்கிறது. “ஆர் யூ ரெடி?” என்பதற்கு “ஐ ஆம் ரெடி”. பதில் சரியான வாக்கியமாக நின்றால் துணைவினையைச் சரியாகத் தேர்ந்திருக்கிறோம் என்று கொள்ளலாம். கேள்வியில் தயங்குபவர்களுக்கும் சாதாரண வாக்கியத்தில் தயக்கம் குறைவு என்பதால் இந்தச் சோதனை மிகவும் பயன்படும்.

ஹேவ் என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. துணைவினையாக நிற்கும்போது தானே முன்னால் போகும்: “ஹேவ் யூ ஃபினிஷ்ட்?” உடைமையைக் குறிக்கும் முதன்மை வினையாக நிற்கும்போது இன்றைய பொது வழக்கில் அதற்கு டூ தேவைப்படுகிறது: “டூ யூ ஹேவ் எ பென்?” பழைய பிரிட்டிஷ் வழக்கில் “ஹேவ் யூ எ பென்?” என்றும் கேட்பார்கள், “ஹேவ் யூ காட் எ பென்?” என்பது இன்றும் அங்கே சாதாரணமாகப் புழங்குகிறது. கற்பவர்கள் டூ சேர்ந்த வடிவத்தையே பழகிக்கொள்வது நல்லது, ஏனெனில் அது எல்லா நாட்டு ஆங்கிலத்திலும் செல்லும். டஸ் வந்தாலும் டிட் வந்தாலும் பின்னால் ஹேவ் என்பதே நிற்கும், “டஸ் ஷி ஹேஸ்?”, “டிட் யூ ஹேட்?” இரண்டும் தவறு. கட்டாயத்தைக் குறிக்கும் ஹேவ் டு என்பதற்கும் இதே முறைதான்: “டூ வி ஹேவ் டு வெயிட்?”, “டஸ் ஹி ஹேவ் டு சைன்?” பழைய வழக்கத்தைக் குறிக்கும் யூஸ்ட் டு என்பதைக் கேள்வியில் எழுதும்போது டிட்டை முன்னால் வைத்து, பின்னால் யூஸ் டு என்று கடைசி எழுத்தான டி இல்லாமல் எழுத வேண்டும், பேச்சில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

டூ என்பதே முதன்மை வினையாகவும் வரும் என்பதால் “வாட் டிட் யூ டூ?” என்ற கேள்வியில் அது இருமுறை வருகிறது. முதலாவது காலத்தைக் காட்டும் துணைவினை, இரண்டாவது செய்தல் என்ற பொருள் தரும் வினை. இது திரும்பச் சொல்வதாகத் தோன்றுவதால் சிலர் “வாட் யூ டிட்?” என்று சுருக்கிவிடுகிறார்கள். சுருக்கக் கூடாது.

எவ்ரிபடி, எனிபடி, நோபடி போன்றவை பலரைக் குறித்தாலும் இலக்கணத்தில் ஒருமையே. “டஸ் எனிபடி நோ த ஆன்சர்?”, “இஸ் எவ்ரிபடி ஹியர்?” என்றே கேட்க வேண்டும்.

டிட்டா, ஹேவா?

வடிவம் சரியாக இருந்தும் காலம் பொருந்தாமல் போகும் இடம் இது. “வென் ஹேவ் யூ ஃபினிஷ்ட்?” என்பதில் ஃபினிஷ்ட் என்ற வடிவத்தில் குறையில்லை. ஆனால் வென் என்பது முடிந்துபோன ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் தேடுகிறது. ஹேவோ நேரத்தைச் சொல்லாமல் இன்றைய நிலையை மட்டும் சொல்லும். இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. “வென் டிட் யூ ஃபினிஷ்?” என்பதே சரி. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் போன்ற முடிந்த காலச் சொற்கள் வந்தாலும் டிட்தான். எப்போது என்பது முக்கியமில்லை, நடந்திருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி என்றால் ஹேவ் பொருத்தமானது: “ஹேவ் யூ எவர் டிரிவன் எ டிரக்?” சற்று முன்பு நடந்திருக்கக்கூடியவற்றைப் பற்றி பிரிட்டிஷ் ஆங்கிலம் “ஹேவ் யூ ஈட்டன் யெட்?” என்று கேட்கும் இடத்தில் அமெரிக்கர்கள் “டிட் யூ ஈட் யெட்?” என்றும் கேட்பதுண்டு, இரண்டையும் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

“எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள்?” என்று கேட்க, பலர் “ஹவ் லாங் ஆர் யூ வெயிட்டிங்?” என்றோ “ஃப்ரம் வென் ஆர் யூ வெயிட்டிங்?” என்றோ சொல்கிறார்கள். முன்பே தொடங்கி இந்த நொடிவரை தொடரும் செயலுக்கு ஆங்கிலம் “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?” என்ற வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது. இங்கே ஹேவுக்குப் பின் மூன்றாம் வடிவமான பீன், அதற்குப் பின் இங் வடிவம் என்று ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்ததன் வடிவத்தை முடிவு செய்வதைப் பார்க்கலாம்.

நிலையைக் குறிக்கும் வினைகளை இங் வடிவில் போடாமல் இருக்கவும் பழக வேண்டும். “ஆர் யூ நோயிங் ஹிம்?”, “ஆர் யூ ஹேவிங் எனி டவுட்?” என்பவற்றைவிட “டூ யூ நோ ஹிம்?”, “டூ யூ ஹேவ் எனி க்வெஸ்ட்யன்ஸ்?” என்பவையே சரியானவை. உண்பது என்ற பொருளில் “ஆர் யூ ஹேவிங் லஞ்ச்?” என்று கேட்பதில் தவறில்லை, ஏனெனில் அது உடைமை அல்ல, நடந்துகொண்டிருக்கும் செயல்.

வினாச்சொற்களோடு தொடங்கும் கேள்விகள்

வாட், வேர், வென், ஒய், ஹவ் போன்ற சொற்கள் முன்னால் வந்தாலும் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வருவது நிற்பதில்லை. “ஒய் யூ ஆர் லேட்?” என்பதில் ஒய் வந்துவிட்டதாலேயே கேள்வி முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். தமிழில் “ஏன்” என்ற சொல் ஒன்றே போதும்; வேறு எதையும் நகர்த்த வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் “ஆர் யூ லேட்?” என்ற முழுக் கேள்வியை முதலில் அமைத்து, அதன் தலையில் ஒய்யை வைக்க வேண்டும்: “ஒய் ஆர் யூ லேட்?” அவ்வாறே “டிட் யூ கோ?” என்பதன் முன்னால் வேர் வந்தால் “வேர் டிட் யூ கோ?” ஆகும், “வேர் யூ வென்ட்?” என்பது கேள்வியாகவே நிற்காது.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. வினாச்சொல்லே எழுவாயாக இருந்தால் எதுவும் நகர்வதில்லை, டூவும் வருவதில்லை, வினை தன் காலத்தைத் தானே காட்டும். “ஹூ டோல்ட் யூ?”, “வாட் ஹேப்பன்ட்?”, “ஹவ் மெனி பீப்பிள் கேம்?” என்று கேட்கிறோம். “வாட் டிட் ஹேப்பன்?” என்று சாதாரணமாகக் கேட்பதில்லை, மற்றவை நடக்கவில்லை என்றால் அப்படியென்றால் நடந்ததுதான் என்ன என்று அழுத்திக் கேட்கும்போது மட்டுமே அது வரும். டிட் கூடாது என்ற இந்த விலக்கை அறியாமல், கேள்வி என்றாலே டிட் போட வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள் புதுப் பிழைக்குள் விழுகிறார்கள்.

இதில் பொருளே மாறிவிடும் என்பதால் ஓர் இணையைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும். “ஹூ டோல்ட் யூ?” என்றால் யார் உங்களிடம் சொன்னார் என்று பொருள். “ஹூ டிட் யூ டெல்?” என்றால் நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்று பொருள். தமிழில் யார், யாரிடம் என்று வேற்றுமை உருபே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஹூ என்ற சொல் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், டிட் இருக்கிறதா இல்லையா என்பதும், அதற்குப் பின்னால் எழுவாய் வருகிறதா என்பதும்தான் சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதைத் தீர்மானிக்கின்றன. எனவே தமிழில் கேள்வியை நினைத்து, வினாச்சொல்லில் உருபு ஏதும் இல்லாமல் வெறும் “யார்” என்று வந்து அதுவே செயலைச் செய்கிறது என்றால் டிட் வேண்டாம். “யாரை”, “யாரிடம்”, “யாருக்கு” என்று வந்தால் டிட் வேண்டும் என்று முடிவு செய்யலாம். நிகழ்காலத்தில் ஹூ எழுவாயாக வரும்போது வினை பொதுவாக ஒருமை வடிவம் பெறும்: “ஹூ லிவ்ஸ் ஹியர்?”, “ஹூ வான்ட்ஸ் காஃபி?”

கேள்விக்குள் கேள்வி

பணிவாகக் கேட்பதற்காக “கேன் யூ டெல் மீ” அல்லது “டூ யூ நோ” என்று தொடங்கும்போது, கேள்வி வடிவம் அந்தத் தொடக்கத்திலேயே செலவாகிவிடுகிறது. அதற்குள் அடங்கும் இரண்டாம் பகுதி சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிட வேண்டும். “கேன் யூ டெல் மீ வேர் இஸ் த ஆபீஸ்?” என்பதைவிட “கேன் யூ டெல் மீ வேர் த ஆபீஸ் இஸ்?” என்பதே செம்மையானது. “டூ யூ நோ வாட் டஸ் ஹி வான்ட்?” என்பதில் டஸ்ஸை நீக்கி, அது எடுத்துப் போயிருந்த ஸ் ஓசையை வினைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்: “டூ யூ நோ வாட் ஹி வான்ட்ஸ்?” இறந்தகாலமும் இப்படியே திரும்பி வரும்: “டூ யூ நோ வேர் ஷி வென்ட்?” டிட் போன பிறகு வென்ட் தன் இடத்துக்கு வந்துவிட்டது. உள்ளே இருப்பது ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் இடையில் இஃப் அல்லது வெதர் சேர்க்க வேண்டும்: “டூ யூ நோ இஃப் ஷி கேம்?”

பிறர் கேட்டதை எடுத்துச் சொல்லும்போதும் இதே நெறிதான். “ஹி ஆஸ்க்ட் மீ வாட் வாஸ் மை நேம்” என்பதற்கு மாறாக “ஹி ஆஸ்க்ட் மீ வாட் மை நேம் வாஸ்” என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறியும் வராது.

எதிர்மறையும் ஒட்டுக் கேள்வியும்

எதிர்மறைக் கேள்வியில் நாட் என்பது துணைவினையோடு சேர்ந்துகொள்கிறது. முதன்மை வினையின் வடிவம் மாறுவதில்லை. “டிட்ன்ட் யூ சீ இட்?” என்றுதான் கேட்க வேண்டும், “டிட்ன்ட் யூ சா இட்?” என்று அல்ல. முறையான எழுத்தில் “டிட் யூ நாட் சீ இட்?” என்று பிரித்து எழுதலாம். இவ்வகைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் கவனம் தேவை. “நீ போகவில்லையா?” என்று கேட்டால், போகாதவர் தமிழில் “ஆமாம், போகவில்லை” என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் போகாதவர் “நோ, ஐ டிட்ன்ட்” என்றே சொல்ல வேண்டும். “யெஸ்” என்று தொடங்கினால் போனதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

“அல்லவா?” என்ற ஒரே சொல்லைத் தமிழ் எல்லா வாக்கியத்தோடும் ஒட்டுகிறது. அந்தப் பழக்கத்தில் “யூ ஃபினிஷ்ட் த வொர்க், இஸ்ன்ட் இட்?” என்று எல்லாவற்றுக்கும் இஸ்ன்ட் இட் போடுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. கவனமாகப் பேசவும் எழுதவும் விரும்புவோர், வாக்கியத்தில் உள்ள துணைவினையையே ஒட்டுக் கேள்வியிலும் திரும்பச் சொல்ல வேண்டும். துணைவினை இல்லையென்றால் மறைந்திருக்கும் டூவை வெளியே எடுக்க வேண்டும். “யூ ஃபினிஷ்ட் த வொர்க், டிட்ன்ட் யூ?”, “ஷி கேன் டிரைவ், கான்ட் ஷி?”, “ஹி லிவ்ஸ் ஹியர், டஸ்ன்ட் ஹி?” என்று அமையும். ஐ ஆம் என்பதற்கு மட்டும் “ஆரன்ட் ஐ?” என்ற ஒழுங்கற்ற வடிவம் வரும்.

பழகும் வழி

விதிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, ஓர் ஆங்கிலச் செய்திப் பத்தியை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் கேள்விக்கு விடையாக இருக்கும் என்று வாய்விட்டுக் கேட்டுப் பழகுவது பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. “த கவர்ன்மென்ட் அனவுன்ஸ்ட் எ நியூ ஸ்கீம்” என்று படித்தால் “வாட் டிட் த கவர்ன்மென்ட் அனவுன்ஸ்?” என்றும், “ஹூ அனவுன்ஸ்ட் எ நியூ ஸ்கீம்?” என்றும் இரு கேள்விகளைக் கேளுங்கள். ஒரே வாக்கியத்திலிருந்து பிறக்கும் இந்த இரண்டில் ஒன்றில் டிட் வந்து வினை முதல் வடிவத்துக்குப் போகிறது, மற்றதில் டிட் வராமல் வினை அப்படியே நிற்கிறது.

காதால் கற்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வேகமான பேச்சில் டிட் யூ என்பது டிஜூ என்று குழைந்து கேட்கும். சில சமயம் வெறும் ஜூ என்றே முடிந்துவிடும். டூ யூ என்பதும் அப்படியே தேய்ந்துபோகும். துணைவினை அங்கே இல்லை என்று எண்ணி நாமும் விட்டுவிடக் கூடாது. அது ஒலியில் தேய்ந்திருக்கிறது, வாக்கியத்தில் இருக்கிறது. வியப்பாலோ உறுதிப்படுத்திக்கொள்வதற்காகவோ “யூ ஃபினிஷ்ட் இட்?” என்று குரலை மட்டும் உயர்த்திக் கேட்கும் வழக்கமும் ஆங்கிலேயரிடம் உண்டு. அங்கே எதுவும் நகராததால் வினை தன் இறந்தகால வடிவிலேயே இருக்கும். ஆனால் மின்னஞ்சலில் குரலை உயர்த்த முடியாது. அங்கே “டிட் யூ ஃபினிஷ் இட்?” என்று முழுமையாகவே எழுத வேண்டும்; “டிட் யூ ரிசீவ்ட் மை மெயில்?” என்று எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகும்போது, முதல் சொல் டிட் என்றிருந்தால் அந்த ரிசீவ்டின் கடைசியில் உள்ள டி எழுத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.